தனியாக இருக்கிறீர்களா?

இந்துமதியின் பல்லில் நூல் இருந்தது. புருவம் திருத்துகிறவர்கள் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள். அந்த நேரத்தில் பேச முடியாது. நாற்காலியில் சாய்ந்திருந்த பூங்கொடியும் வலிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் கிடந்தாள். அதனால் அந்த மத்தியான வேளையில் அழகு நிலையம் ஆளே இல்லாததுபோல் இருந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் முகமெல்லாம் களிமண் பூசிக்கொண்டு படுத்திருந்தாள் கோகிலா. சாயப்பட்டறை முதலாளி வீட்டுப் பெண். அவள் போன் அடித்தது. காதுக்குள் வைக்கும் கருவியைக் கழற்றி வைத்திருந்ததால் குரல் வெளியிலேயே கேட்டது.

"கோகிலா தங்கச்சி, நான் ராஜகணபதி பேசறேன். தனியா இருக்கீங்களாம்மா?"

"ஆமாங்கண்ணா" என்றாள் கோகிலா, தூக்கக் கலக்கத்தில்.

"பட்டறைகளை மூடச் சொல்லி யாரு வந்தாலும் நான் குறுக்க நிப்பேன். ஒரு பட்டறைகூட மூடாது. இது என்ற வாக்கு."

பூங்கொடியின் கண் திறந்தது. அவள் ஆற்றோரம் மஞ்சள் பயிரிடும் குடும்பம். இந்துமதி நூலை இழுக்காமல் அப்படியே நின்றாள். போன் ஓய்ந்ததும் பூங்கொடி உதட்டில் விரல் வைத்துச் சைகை காட்டிவிட்டு, தன் போனை எடுத்து, இந்தத் தேர்தலிலும் நிற்கும் எம்.எல்.ஏ. ராஜகணபதியின் ஊஞ்சல் சின்னத்தை அழுத்தினாள்.

"பூங்கொடி அக்கா, நான் ராஜகணபதி. தனியா இருக்கீங்களாக்கா?"

பூங்கொடி இந்துமதியைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, தோட்டத்துல ஒத்தைல இருக்கறனுங்க" என்றாள்.

"கவலைப்படாதீங்கக்கா. ஜெயிச்ச அன்னைக்கே என்ற முதல் கையெழுத்து, சாயப்பட்டறைகளை மூடறதுக்குத்தான்."

திரை விலகியது. கோகிலா வெள்ளை முகத்தோடு நின்றாள். பூங்கொடியும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஆற்றுத் தண்ணீர் சிவந்த பிறகு மூன்று வருடமாகப் பேச்சில்லை.

"உன்கிட்ட மூடறேன்னா சொல்றான்?"

"உன்கிட்ட மூட மாட்டேன்னா?"

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. முகத்தில் காய்ந்திருந்த களிமண் விரிசல் விட்டு உதிர்ந்தது. பூங்கொடி சிரிக்கவில்லை. இந்துமதி நூலைத் துப்பினாள்.

எட்டு வருடங்களுக்கு முன்பு தேர்தல் கலவரங்களில் ஊர் ஊராகத் தீப்பிடித்தபோது அமைதித் தேர்தல் சட்டம் வந்தது. பொதுக்கூட்டம் கிடையாது. மைக் கிடையாது, சுவரொட்டி கிடையாது. நாலு பேர் கூடி நின்று தேர்தல் பேசினால் வழக்கு. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு குரல் தரப்பட்டது. கணினி பேசும் குரல். அது வாக்காளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும், குறை கேட்கும், பதில் சொல்லும். அதைப் பதிவு செய்ய முடியாது. அந்தரங்கம் காக்க அப்படி ஏற்பாடு. பக்கத்தில் இன்னொரு ஆளின் சத்தம் லேசாகக் கேட்டால்கூட அதற்குத் தெரிந்துவிடும், தேர்தல் பேச்சை விட்டுவிட்டு நலம் விசாரித்து முடித்துக்கொள்ளும். ஊருக்கு அது பிடித்துப்போயிற்று. அமைச்சரே வாசல் மிதிக்காத வீட்டில் வேட்பாளரே வந்து உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? எல்லாருக்கும் அது இயந்திரம் என்று தெரியும். பேசும்போது மட்டும் மறந்துபோகும்.

இந்துமதிக்கு இதில் இன்னொரு வலி இருந்தது. அவள் கணவன் லோகநாதன் சாயப்பட்டறையில் மேஸ்திரி. அண்ணன் பூபதிக்கு ஆற்றங்கரையில் தென்னந்தோப்பு. கிணற்றில் நீர் ரோஸ் நிறத்தில் ஊறுகிறது. போன வருடம் இவள் மகளின் காதுகுத்துக்கு வந்த பூபதி, பந்தலிலேயே லோகநாதனோடு வாய்த் தகராறாகி, குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்து போய்விட்டான். தாய்மாமன் மடியில் உட்காராமலே குழந்தைக்குக் காது குத்தினார்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. இரண்டு பேருமே ஊஞ்சலுக்குத்தான் ஓட்டுப் போடப்போகிறார்கள் என்பது, அந்த இரண்டு போன் பேச்சையும் கேட்ட பிறகுதான் இந்துமதிக்கு உறைத்தது.

சாப்பாடு போடும்போது லோகநாதனிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை.

"போன் மாத்தி யாராச்சும் வெளையாடியிருப்பாங்க புள்ள. என்கிட்ட அவரு எவ்வளவு வெவரமாப் பேசறாரு தெரியுமா? என்ற முதுகு வலிகூட ஞாபகம் வெச்சுக் கேக்கறாரு."

"உங்க முதுகு வலியை நானுந்தான் கேக்கறேன் மாமா. நான் சொன்னா நம்ப மாட்டீங்க, அது சொன்னா நம்புவீங்களா?"

அவன் கை கழுவ எழுந்தான்.

அண்ணனைத் தேடித் தோப்புக்குப் போனாள். பூபதி தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவன் நிமிரவே இல்லை.

"உன்னைய மாப்ள அனுப்பி வெச்சானா?"

"யாரும் அனுப்பல. நானா வந்தேன்."

"அப்பறம் எதுக்கு அவன் பேசறதையே நீயும் பேசற? ராஜகணபதி என்கிட்ட தெளிவாச் சொல்லிட்டாரு அம்மிணி. வீட்டு ஆளுங்ககிட்டகூட இதைப் பேசாதீங்க, மனஸ்தாபம் வருமுன்னும் சொன்னாரு. அதுவும் சரியாத்தானே போச்சு?"

திரும்பி வரும் வழியில் பாலத்தின் மேல் நின்றாள். கீழே ஆறு நுரை தள்ளிக்கொண்டு போனது. சொல்லி நம்ப வைக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. அந்தக் குரல் ஒவ்வொருவருக்கும் அவரவர் நெஞ்சுக்குள்ளிருந்து பேசியது. இவள் பேச்சு வெளியிலிருந்து வந்தது. அவர்களே அவர்கள் காதால் கேட்க வேண்டும். எல்லாரும் ஒரே இடத்தில். ஆனால் ஆள் இருக்கும் இடத்தில் அது வாய் திறக்காதே?

திறக்க வைக்கலாம். ஆள் இருப்பது தெரியாமல் ஆள் இருந்தால்.

கோகிலா வீட்டுக் கல்யாண மண்டபம் சும்மா கிடந்தது. கோகிலா சாவியைக் கொடுத்தாள். பூங்கொடி ஆற்றோரத்து வீடுகளுக்குப் போனாள், கோகிலா பட்டறை வீதிகளுக்குப் போனாள். "ஒரே ஒரு மணி நேரம் வாங்க. வந்து பேசாம உக்காரோணும். இருமல் இருக்கறவங்க வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்கள். என்ன ஏது என்று பார்க்கவே ஊர் வந்தது. பட்டறைக்காரர்கள் ஒரு பக்கமும் தோட்டக்காரர்கள் ஒரு பக்கமுமாக, நடுவில் ஆள் நடக்க வழி விட்டு உட்கார்ந்தார்கள். போன்களை அணைத்து வாசலில் அண்டாவுக்குள் போட்டார்கள். மின்விசிறிகளை நிறுத்தினாள் இந்துமதி. செருப்பைக்கூட வெளியே விடச் சொன்னாள்.

மேடையில் ஒரு நாற்காலி. ஏறுகிறவர் மட்டும் தன் போனை எடுத்துக்கொண்டு வரலாம். முதலில் பூங்கொடி உட்கார்ந்தாள். "தனியா இருக்கீங்களாக்கா?" என்று போன் கேட்டது. அத்தனை பேரும் மூச்சை அடக்கினார்கள். "ஆமாங்க" என்றாள். மூடுவேன் என்றது. அடுத்து கோகிலா. மூட மாட்டேன் என்றது. மூன்றாவதாக ஒரு தறிக்காரர், புல்லாங்குழல் சின்னத்தில் எதிர்த்து நிற்கும் அம்மாளைக் கூப்பிட்டார். அந்தக் குரலும் அவருக்கு ஒன்று சொன்னது, அவருக்குப் பின்னால் வந்த கீரைக்காரப் பெண்ணுக்கு நேர் எதிராக ஒன்று சொன்னது. மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை. வியர்வை வழிந்தது, துடைக்கவில்லை. அவ்வளவு பேர் அவ்வளவு அமைதியாக இருப்பதை அந்த ஊர் எழவு வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

தோட்டக்காரர் பக்கத்திலிருந்து பூபதி எழுந்தான். தன்னிடம் அவர் அப்படிப் பேச மாட்டார் என்ற வீம்பு அவன் நடையில் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஊஞ்சலை அழுத்தினான்.

"தனியாத்தான் இருக்கேன்" என்றான்.

"பூபதி அண்ணா, கெணத்துத் தண்ணி எப்படிங்கண்ணா இருக்கு? அன்னைக்கு நீங்க ஒண்ணு சொன்னீங்க, என்ற மனசுலயே நிக்குது. உங்க மாப்பிள்ளை லோகநாதன் சம்பளத்துக்காக உங்க தங்கச்சி பொறந்த மண்ணையே வித்துட்டாருன்னு. நூத்துக்கு நூறு உண்மைங்கண்ணா. அந்த மாதிரி ஆளுங்க வீட்டுல கை நனைக்காதீங்க."

பூபதி தலை குனிந்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து லோகநாதன் எழுந்து மேடைக்கு வந்தான். அண்ணன் விட்ட நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். இந்துமதிக்கு எழுந்து போய் அந்தப் போனைப் பிடுங்கிவிடலாமா என்றிருந்தது. இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"ஆமா, தனியா இருக்கேன்."

"லோகு தம்பி, முதுகு வலி தேவலையா? உங்க மச்சான் விஷயத்துல நீங்க சந்தேகப்பட்டது சரிதான் தம்பி. கெணத்துல அவரே சாயத்தைக் கரைச்சு, போட்டோ எடுத்து அனுப்பியிருப்பாருன்னு சொன்னீங்கல்ல? விசாரிச்சேன். அப்படித்தான் பேசிக்கறாங்க."

"டேய்!"

பூபதியின் கத்தல் மண்டபக் கூரையில் மோதியது. போன் அந்த நொடியே செத்துப்போயிற்று. "என்ற கெணத்துல நானே வெசத்தைக் கலந்தனாடா? என்ற புள்ளைங்க குடிக்கற தண்ணிலயா?"

"நீ சொல்லல? நான் மண்ணை வித்துட்டேன்னு நீ சொல்லல?"

அதற்கப்புறம் மண்டபத்தில் யார் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை. நடுவழியில் நாற்காலிகள் சரிந்தன. சிலர் அழுதார்கள். சிலர், தான் அந்தரங்கமாகச் சொன்னதெல்லாம் எங்கெங்கே போயிருக்கும் என்று நினைத்து முகம் வெளுத்துக் கிடந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். "தேர்தல் கூட்டமா போடறீங்க? யாரு ஏற்பாடு?"

"நான்தானுங்க சார்" என்றாள் இந்துமதி. "ஆனா கூட்டத்துல யாரும் தேர்தலைப் பத்தி ஒரு வார்த்தை பேசலீங்க. பேசுனது பூராவும் போனுதான். வேணுமின்னா அதைப் புடிச்சுட்டுப் போங்க."

யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "எனக்கும் ஒரு ஓட்டு இருக்கு, என்கிட்டயும் அது பேசுது. அதுக்காகச் சட்டம் இல்லைன்னு ஆயிராது. இன்னொரு தடவை இப்படி நடந்தா நேரா உள்ளதான். புரியுதா?"

அதற்குப் பிறகு புங்கம்பாளையம் ஊரிலும், செய்தி பரவித் தொகுதி முழுக்கவும் குரல்களுக்குப் பதில் இல்லாமல் போயிற்று. போன் அடித்தால் எடுத்து, "நேர்ல வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்கள். கோபத்தில் சிலர், பயத்தில் சிலர், வேடிக்கைக்காகச் சிலர். கட்சிகள் ஓட்டைக் கணிக்கும் கணினித் திரைகளில் அந்தத் தொகுதி முழுக்க இருட்டாகிவிட்டது என்று செய்திகளில் சொன்னார்கள்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் காலையில், அழகு நிலையத்தின் வாசலில் ஒரு கார் நின்றது. இறங்கியவர் ராஜகணபதி. படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். ஓட்டுநரைத் தவிர ஆள் யாரும் இல்லை. பெண்கள் மட்டும் வரும் கடை என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்துத் தயங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"இந்துமதிம்மா, என்னம்மா இது? நாம பேசி முடிச்சதுதானே?"

"நானும் நீங்களும் எப்பங்க பேசினோம்?"

"நேத்துக்கூடப் பேசினோமே. மண்டபத்துல நடந்தது தப்பு, கோவத்துல பண்ணிட்டேன், இனி பண்ண மாட்டேன்னு நீதானே சொன்னே?"

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். அவர் நடிக்கவில்லை. குழம்பியிருந்தார். தன் போனை எடுத்து எதையோ தட்டி அவள் பக்கம் நீட்டினார்.

"இதுதாம்மா. மக்கள் குரல். தொகுதில ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் பேசறதுக்குக் கட்சியில குடுத்த ஏற்பாடு. நாலு வருஷமா தெனமும் காலைல உக்காந்து உங்ககிட்டதான் பேசிட்டிருக்கேன். எந்த எம்.எல்.ஏ. இப்படி ஒவ்வொரு வீட்டையும் கேட்டிருக்கான்?"

போனிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"அண்ணா, ஆறு எப்படிப் போனா எனக்கென்னங்க? எங்கூட்டுக்காரருக்கு வேலை இருந்தாப் போதும். நீங்க பாத்து என்ன செஞ்சாலும் சரிதானுங்க."

இந்துமதியின் குரல். அவள் வார்த்தையை இழுக்கும் இழுப்பு, வாக்கியம் முடிவதற்குள் வந்துவிடும் அந்தச் சின்னச் சிரிப்பு, எல்லாம் அப்படியே. இந்துமதி பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"இது நான் இல்லீங்க."

"நீ பேசறது எல்லாத்தையும் கேட்டுத்தானே அது..."

"நான் இல்லீங்க" என்றாள் மறுபடி. "நான் உங்ககிட்ட ஒரு நாளும் பேசினதில்லை. இந்த ஊர்ல ஒருத்தரும் பேசினதில்லை. எங்ககிட்ட நீங்கன்னு ஒண்ணு பேசிட்டிருந்துச்சு. உங்ககிட்ட நாங்கன்னு ஒண்ணு பேசிட்டிருந்திருக்கு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரி சரின்னு தலையாட்டிட்டு இருந்திருக்குது. ஆத்துத் தண்ணியைப் பாத்தீங்களா நீங்க?"

"நல்லாயிட்டு வருதுன்னு எல்லாரும்..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். முகம் தளர்ந்துபோயிற்று. நாலு வருடமாகத் தான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"வெளிய வாங்க. பட்டறையை மூடுவீங்களா மாட்டீங்களான்னு எல்லாருக்கும் ஒரே பதிலாச் சொல்லுங்க."

"ஒரே பதிலைச் சொன்னாப் பாதி ஓட்டு போயிரும்மா."

"போகட்டுங்க. மீதிப் பாதியாச்சும் உங்களுக்குப் போட்ட ஓட்டா இருக்குமில்ல?"

கதவைத் திறந்துவிட்டு நின்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கடைவீதியில் செய்தி பரவ நேரமாகவில்லை. பட்டறையிலிருந்து கை முழுக்கச் சாயத்தோடு ஆட்கள் வந்தார்கள், சந்தையிலிருந்து கூடையோடு வந்தார்கள். இந்துமதி அவருக்காகத் தன் கடை நாற்காலியைத் தெருவில் இழுத்துப் போட்டாள். அவர் ஏறி நின்றார்.

"எனக்குத் தெரியல" என்றார். கூட்டம் இரைந்தது. "மூடினா இத்தனை குடும்பம் எங்க போகும்னு எனக்குத் தெரியல. மூடலைன்னா தண்ணிக்கு என்ன வழின்னும் தெரியல. ரெண்டையும் செய்வேன்னு சொன்னது நான் இல்லை. ஆனா என்ற பேர்லதான் சொல்லியிருக்கு. அதுக்கு நாந்தான் பொறுப்பு."

வசவு விழுந்தது. ஒரு தக்காளியும் வந்தது. அவர் இறங்கவில்லை. பட்டறைக் கழிவைச் சுத்தம் செய்ய ஆகும் செலவை யார் தருவது என்று ஒருவர் கேட்டார். முதலாளி தரட்டும் என்று ஒருவர், அரசாங்கம் தரட்டும் என்று ஒருவர். கேள்வி அவரை விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளேயே திரும்பிக்கொண்டது. தெரு முழுக்க மனிதர்கள் முகத்துக்கு முகம் பார்த்துக் கத்திக்கொண்டார்கள்.

ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் ராஜகணபதியை மரியாதையாகக் காரில் ஏற்றி அனுப்பினார். பிறகு திரும்பி, "நான் சொன்னனா இல்லையா?" என்றார்.

"சொன்னீங்க சார்" என்று இந்துமதி கடையைப் பூட்டி, சாவியைக் கோகிலா கையில் கொடுத்துவிட்டு, தானே போய் ஜீப்பில் ஏறினாள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்தத் தொகுதியில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் புல்லாங்குழல் ஜெயித்தது. இரண்டு கட்சிகளின் கணிப்பும் பொய்த்துப்போன ஒரே தொகுதி அதுதான். ஜெயித்த அம்மாளை நேரில் வரச் சொல்லி ஊர் இன்னமும் விடாமல் நச்சரித்துக்கொண்டிருக்கிறது. அவரும் இரண்டு முறை வந்துபோய்விட்டார். ஆறு இன்னும் சிவப்புதான். இந்துமதி மேலுள்ள வழக்கும் நடந்துகொண்டிருக்கிறது. காவலில் இருப்பவர்களுக்கு வாக்கு கிடையாது என்பதால், அந்தத் தேர்தலில் ஊரிலேயே ஓட்டுப் போட முடியாதவள் அவள் ஒருத்தி.

வாக்குப்பதிவு நாளன்று சாயந்தரம் அவள் காவல் நிலையத்துக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து தெருவில் வரிசைக்குப் போகிறவர்களின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தவளுக்கு ஒரு கட்டத்தில் அழுகை வந்து, யாருக்கும் தெரியாமல் அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. லோகநாதன் ஒரு தூக்குச்சட்டியோடு உள்ளே வந்தான். பின்னாலேயே பூபதி. இருவர் விரலிலும் மை.

"ஏனுங்க மச்சான், நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. பட்டறை மூடுனா எனக்கு உங்க தோப்புல வேலை குடுப்பீங்களா?"

"தோப்பு இருந்தாத்தானே மாப்ள வேலை குடுக்கறதுக்கு? மரம் பூராக் காயுதே, அது உனக்குக் கண்ணுல படலயா?"

"அதுக்காகப் போயி புல்லாங்குழலுக்குக் குத்துவீங்களா?"

"நான் எதுக்குக் குத்துனேன்னு உனக்கு யாரு சொன்னது? அந்த ஊஞ்சல்காரன், தெரியலைன்னாச்சும் உண்மையைச் சொன்னான். அதைக்கூட யோசிக்க மாட்டேங்கற நீ."

"யோசிக்காமயா நாலு மணி நேரம் வரிசைல உங்ககூட மல்லுக்கட்டிட்டு நின்னேன்?"

இந்துமதி இருப்பதையே மறந்துவிட்டார்கள். தூக்குச்சட்டியை வாங்க யாரும் இல்லாமல் லோகநாதன் அதை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். குழம்பு தரையில் சிந்தியது. மேசையிலிருந்த பெண் காவலர் எழுந்து, "யோவ், இது போலீஸ் ஸ்டேஷன். அரசியல் பேசறதா இருந்தா ரெண்டு பேரையும் சேத்து உள்ள வெச்சுருவேன், வாயை மூடுங்க" என்றார்.

இருவரும் சட்டென்று அடங்கினார்கள்.

இந்துமதி எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாதீங்க" என்றாள். "இன்னும் சத்தமாப் பேசுங்க. எனக்குக் கேக்கோணும்."